நடுக்கடலில் நின்ற எஞ்சின்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து விடிவதற்கு முன்பே ஒரு வள்ளம் புறப்படுகிறது. உங்கள் சித்தப்பாவும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் மீன் பிடிக்கச் செல்கிறார்கள். பள்ளி விடுமுறை ஆதலால் நீங்களும் உடன் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வலை போட்டு, மீன் எடுத்து, கரையை நோக்கித் திரும்பும்போது எஞ்சின் முனகுகிறது. வேகம் குறைகிறது. இரண்டு முறை சீறிவிட்டு நின்றுவிடுகிறது.

“எண்ணெய் தீந்துபோச்சா? மூடியைத் தெறந்து பாரு மக்கா” என்கிறார் சித்தப்பா. நீங்கள் டாங்கின் மூடியைத் திறந்து பார்க்கிறீர்கள். பாதிக்கு மேல் மண்ணெண்ணெய் இருக்கிறது. மூடியை மீண்டும் இறுகத் திருகுகிறீர்கள். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. அப்பாடா! ஆனால் கால் மணி நேரம் கழிந்ததும் மறுபடி அதே முனகல், அதே சீறல், அதே அமைதி. மீண்டும் மூடியைத் திறந்து பார்த்து மூடுகிறீர்கள். மீண்டும் ஓடுகிறது. மீண்டும் நிற்கிறது.

“பிளக் கெட்டுவிட்டது” என்கிறார் ஒருவர். “கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும்” என்கிறார் மற்றவர். காற்று வலுக்கத் தொடங்குகிறது. அலையாடும் வள்ளத்தில் கார்புரேட்டரைக் கழற்றினால் அதன் சிறு திருகு ஒன்று கடலில் விழுந்துவிடலாம். பிறகு துடுப்பே துணை.

நீங்கள் என்ன செய்வீர்கள்? விடையை உடனே சொல்லப்போவதில்லை. எண்ணெய் செல்லும் வழியில் நாமும் ஒருமுறை நடந்து பார்த்தால் விடை தானே கிடைத்துவிடும்.

வெளியே தொங்கும் எஞ்சின்

வள்ளத்தின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடப்படும் இத்தகைய எஞ்சினை ‘அவுட்போர்டு’ எஞ்சின் என்கிறோம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் மில்வாக்கி நகரில் 1909-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு. இதைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் அவரே. தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த பல்லாயிரம் குடும்பங்களின் தொழிலை இந்த எஞ்சின் மாற்றிவிட்டது.

இக்கட்டுரையில் நாம் பேசுவது பழைய வகையான, கார்புரேட்டர் உள்ள இருவீச்சு எஞ்சினைப் பற்றி. நம் கடற்கரையில் இதைப் பெட்ரோலில் கிளப்பிச் சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வழக்கம் உண்டு. ஏன் இந்த மாற்றம்? தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழ, பெட்ரோலுக்குச் சுழிக்குக் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையே போதும். மண்ணெண்ணெய்க்கோ 38 டிகிரி அல்லது அதற்கு மேல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது.

எண்ணெய் நடக்கும் பாதை

பழைய மோட்டார் சைக்கிளைப் பார்த்திருப்பீர்கள். அதில் டாங்கு மேலே இருக்கிறது. கார்புரேட்டர் கீழே இருக்கிறது. பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கிவிடும். வள்ளத்திலோ டாங்கு தரையில் கிடக்கிறது. எஞ்சின் அதைவிட உயரத்தில் நிற்கிறது. எண்ணெய் மேலேற வேண்டும். எனவேதான் இங்கே வேலை கூடுகிறது.

டாங்கின் அடிவரை ஒரு குழாய் இறங்குகிறது. அதன் நுனியில் சிறு வலை வடிகட்டி. குழாயிலிருந்து ரப்பர் ஹோஸ் புறப்படுகிறது. ஹோஸின் நடுவே, கோழிமுட்டையைவிடச் சற்றுப் பெரிய ரப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். கையால் அமுக்கி எண்ணெயை முன்னே அனுப்ப இது உதவுகிறது. அப்பால் எஞ்சினில் செருகும் இணைப்பு, ஒரு வடிகட்டி, ஒரு சவ்வுப் பம்பு, கடைசியில் கார்புரேட்டர்.

இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: டாங்கு, ஹோஸ், குமிழ், இணைப்பு, வடிகட்டி, பம்பு, கார்புரேட்டர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறுந்ததுதான். ஆனால் எந்தக் கண்ணி என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை.

இழுப்பதா, தள்ளுவதா?

இளநீரை உறிஞ்சுகுழலால் குடிக்கிறீர்கள். இளநீரை இழுப்பது யார்? “நான்தான்” என்பீர்கள். உண்மையில் நீங்கள் செய்வது குழலுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. இளநீரின் பரப்பை வெளிக்காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தமே நீரைக் குழலுக்குள் மேலே தள்ளுகிறது.

வள்ளத்திலும் இதே கதைதான். பம்பு தன் பக்கம் அழுத்தத்தைக் குறைக்கிறது. டாங்கினுள் உள்ள காற்று எண்ணெயைத் தள்ளி அனுப்புகிறது. எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து காற்று வந்தாக வேண்டும். அதற்காகவே டாங்கின் மூடியில் ஒரு சிறு காற்றுத் திருகு உண்டு. கரையில் இருக்கும்போது மழைநீர் புகாமலும் ஆவி வெளியேறாமலும் இருக்க அதை மூடி வைப்பார்கள். கடலுக்குப் போகும்போது திறக்க வேண்டும். விடியற்கால இருட்டில் அதைத் திறக்க மறந்துவிட்டால்?

ஒரு சிறு கணக்கு

பாயில் விதியை வகுப்பில் படித்திருப்பீர்கள். வெப்பநிலை மாறாதபோது, அடைபட்ட வாயுவின் பருமன் கூடினால் அதன் அழுத்தம் அதே விகிதத்தில் குறையும். அதை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம்.

20 லிட்டர் டாங்கில் 15 லிட்டர் மண்ணெண்ணெய் இருக்கிறது. மீதி 5 லிட்டர் காற்று. எஞ்சின் மணிக்கு 4 லிட்டர் குடிக்கிறது என்று கொள்வோம். 15 நிமிடத்தில் 1 லிட்டர் செலவாகும். காற்றுத் திருகு மூடியிருப்பதால் புதுக்காற்று வர வழியில்லை. 5 லிட்டர் இடத்தில் இருந்த காற்று இப்போது 6 லிட்டர் இடத்தில் பரவுகிறது. அதன் அழுத்தம் ஆறில் ஐந்து பங்காகக் குறைகிறது.

ஆறில் ஒரு பங்கு குறைவு என்றால் எவ்வளவு? வளிமண்டல அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும். அதில் ஆறில் ஒரு பங்கு 1.7 மீட்டர். மண்ணெண்ணெய் நீரைவிட இலேசானது. அதன் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 0.8 மடங்கு. ஆகவே மண்ணெண்ணெய்க் கணக்கில் இது 2 மீட்டருக்குச் சற்று மேல். அரை மீட்டர் உயரத்துக்கு எண்ணெயை ஏற்றிக்கொண்டிருந்த பம்பு, இப்போது அதைப்போல் ஐந்து மடங்கு சுமையைச் சமாளிக்க வேண்டும். சிறிய சவ்வுப் பம்புக்கு அது ஆகுமா? எஞ்சின் பட்டினியால் நிற்கிறது.

இப்போது புதிர் அவிழ்கிறதா? எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க நீங்கள் மூடியைத் திறந்தீர்களே, அந்த நொடியில் ‘புஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. அழுத்தம் சமமாயிற்று. எஞ்சின் ஓடியது. மூடியை மறுபடி இறுக்கியதும் கதை முதலிலிருந்து தொடங்கியது. நீங்கள் அறியாமலே மருந்தைக் கொடுத்தீர்கள். அறியாமலே நோயையும் திரும்பக் கொடுத்தீர்கள்! பிளக்கும் கார்புரேட்டரும் எந்தப் பிழையும் செய்யவில்லை. காற்றுத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் போதும்.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை டாங்கில் 6 லிட்டர் காற்று இருக்கும். அழுத்தம் அதே அளவு குறைய எவ்வளவு எண்ணெய் செலவாக வேண்டும்? எத்தனை நிமிடம் ஆகும்? விடை 18 நிமிடம் என்று வந்தால் நீங்கள் சரியாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள்.

குமிழ் சொல்லும் செய்தி

மருத்துவர் முதலில் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். நம் எஞ்சினின் நாடி அந்த ரப்பர்க் குமிழ்தான். அதன் இரு முனைகளிலும் ஒருவழி வால்வுகள் உண்டு. எண்ணெய் எஞ்சினை நோக்கி மட்டுமே போகும். அதைக் காட்ட ஓர் அம்புக்குறியும் இருக்கும். குமிழ் பாதையின் நடுவில் இருப்பதால், அதைத் தொட்டுப் பார்த்தே கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்துவிடலாம்.

1. குமிழ் சப்பையாக ஒட்டிப்போயிருக்கிறது: எஞ்சின் பக்கம் எண்ணெய் கேட்கிறது; டாங்கு பக்கம் கொடுக்கவில்லை. காற்றுத் திருகு மூடியிருக்கலாம். டாங்குக் குழாயின் வலை அடைத்திருக்கலாம். ஹோஸ் மடங்கியோ, மீன்பெட்டியின் அடியில் நசுங்கியோ இருக்கலாம். பழைய ஹோஸின் உட்சுவர் பிரிந்து வழியை மறிப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது.

2. எத்தனை முறை அமுக்கினாலும் குமிழ் இறுகவில்லை: டாங்கு காலியாக இருக்கலாம், இல்லையேல் எங்கோ காற்று புகுகிறது, அல்லது குமிழின் வால்வு கெட்டிருக்கிறது. கார்புரேட்டரில் எண்ணெயை நிறுத்தும் ஊசி மூடாமல் எண்ணெய் வழிந்தோடுவதும் காரணமாகலாம். அப்போது எஞ்சின் மூடிக்குள் எண்ணெய் நாற்றம் வீசும்.

3. குமிழ் கல்லாக இறுகிவிட்டது. ஆனாலும் எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை: தடை குமிழுக்கு அப்பால் இருக்கிறது. இணைப்பு, வடிகட்டி, ஊசி, கார்புரேட்டரின் துளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

4. எஞ்சின் தள்ளாடும்போது குமிழை அமுக்கிக்கொண்டே இருந்தால் நன்றாக ஓடுகிறது; விட்டால் நிற்கிறது: உங்கள் கை பம்பின் வேலையைச் செய்கிறது. பம்பு சோர்ந்திருக்கிறது, அல்லது டாங்கு பக்கத்தில் காற்று கசிகிறது.

ஒரு முக்கியக் குறிப்பு: எஞ்சின் நின்றதும் முதலில் குமிழைத்தான் பார்க்க வேண்டும். மூடியை முதலில் திறந்தால் காற்று உள்ளே போய், சப்பையான குமிழ் மறுபடி உருண்டுவிடும். சாட்சியே அழிந்துவிடும்! நம் வள்ளத்தில் நடந்தது அதுதான்.

ஒழுகாத ஓட்டை

எண்ணெய்க் குழாயில் வெடிப்பு இருந்தால் எண்ணெய் ஒழுகும் என்றுதானே நினைப்போம்? எப்போதும் அப்படியில்லை. பம்பு வேலை செய்யும்போது டாங்கிற்கும் பம்பிற்கும் இடையே குழாயின் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. எனவே வெடிப்பின் வழியாக எண்ணெய் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஹோஸ் காய்ந்திருக்கும்; ஒரு சொட்டுக்கூடக் காணப்படாது; ஆனாலும் எஞ்சினுக்கு எண்ணெயோடு காற்றுக் குமிழிகளும் போய்ச் சேரும்.

குமிழுக்கு அப்பால் உள்ள வெடிப்பைக் கண்டுபிடிக்க வழி எளிது. எஞ்சின் நின்றிருக்கும்போது குமிழை இறுக அமுக்குங்கள். இப்போது உள்ளழுத்தம் கூடுகிறது. ஒளிந்திருந்த வெடிப்பு கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். டாங்கிற்கும் குமிழுக்கும் இடைப்பட்ட வெடிப்பு இந்தச் சோதனைக்கும் சிக்காது. அதற்கு அனுபவசாலிகளான மெக்கானிக்குகள் ஓர் உபாயம் செய்வார்கள்: நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறொரு டாங்கையும் ஹோஸையும் மாட்டிப் பார்ப்பார்கள். எஞ்சின் சீராக ஓடினால் குற்றவாளி பழைய டாங்கு அல்லது ஹோஸ். ஓடாவிட்டால் எஞ்சின் பக்கம். ஒரே சோதனையில் பாதிச் சந்தேகங்கள் நீங்கிவிடுகின்றன அல்லவா?

இதயம் போன்ற பம்பு

இந்தப் பம்பில் மின்சாரமும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, இரு ஒருவழி வால்வுகள், அவ்வளவுதான். இருவீச்சு எஞ்சினில் பிஸ்டன் மேலே போகும்போது அதன் கீழுள்ள கிராங்க் அறையில் அழுத்தம் குறைகிறது. கீழே வரும்போது கூடுகிறது. இந்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியாகச் சவ்வின் ஒரு பக்கத்தை அடைகிறது. சவ்வு ஒருமுறை பின்வாங்கி எண்ணெயை ஏற்கிறது. ஒருமுறை முன்தள்ளி அனுப்புகிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் எஞ்சினில் சவ்வு நிமிடத்துக்கு 5,000 முறை, அதாவது நொடிக்கு 83 முறை துடிக்கிறது. நம் இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிப்பதை எண்ணிப் பாருங்கள்!

இவ்வளவு உழைக்கும் சவ்வு நாளடைவில் விறைத்துப்போகும். ஊசித்துளை அளவு கிழியும். அப்போது எஞ்சின் மெதுவாக ஓடும்போது குறை தெரியாது. முழு வேகத்தில் எண்ணெய்த் தேவை கூடும்போதுதான் தள்ளாடும். மெதுவாக ஓட்டினால் சரி, வேகம் கொடுத்தால் நிற்கிறது என்றால் எண்ணெய் வருகிறது, ஆனால் போதவில்லை என்று பொருள்.

கார்புரேட்டர்

கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் மிதவையைப் போலவே, எண்ணெய் நிரம்பியதும் அது உயர்ந்து ஓர் ஊசியால் வழியை அடைக்கிறது. கிண்ணத்தில் எப்போதும் சிறிது எண்ணெய் இருப்பதால், ஹோஸைக் கழற்றிவிட்டாலும் எஞ்சின் சற்று நேரம் ஓடும். கிளம்பிய எஞ்சின் ஓரிரு நிமிடத்தில் நின்றால், கிண்ணத்து எண்ணெயைக் குடித்து முடித்துவிட்டது, புதிதாக வரவில்லை என்று ஊகிக்கலாம்.

கிண்ணத்து எண்ணெய் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள துளையின் வழியே காற்றோட்டத்தில் கலக்கிறது. ஒரு கிலோகிராம் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்று வேண்டும். இந்த விகிதத்தைக் காப்பது அந்தத் துளைதான். அதில் தூசி அடைத்தால் கம்பியால் குத்தக் கூடாது. துளை 1 மில்லிமீட்டரிலிருந்து 1.1 மில்லிமீட்டராக விரிந்தால் அதன் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். துளையை ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

டாங்கில் புகும் எதிரி

கடலில் உப்புக்காற்றும் ஈரமும் எப்போதும் உண்டு. டாங்கில் நீர் சேர்ந்தால், எண்ணெயைவிடக் கனமானதால் அது அடியில் தங்கும். எண்ணெய் எடுக்கும் குழாயும் அங்கேதான் இருக்கிறது! டாங்கின் அடியிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் சற்று நேரம் வைத்தால் நீர் கீழே தனியாகத் தெரியும்.

பெட்ரோலில் ஓடும் பழைய எஞ்சின்களுக்கு இன்று வேறொரு சோதனையும் வந்திருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் நீரை ஏற்கும் தன்மையுடையது. நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். எத்தனாலுக்கு என்று செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸும் சவ்வும் அதில் ஊறிக் கெடும். எனவே வாரக்கணக்கில் ஓடாத எஞ்சினில் பழைய பெட்ரோலை விட்டுவைப்பது நல்லதல்ல.

பட்டினியால் வரும் பெருந்தீங்கு

எண்ணெய் குறைந்தால் வேகம் குறையும், அவ்வளவுதானே என்று எண்ணிவிடாதீர்கள். இருவீச்சு எஞ்சினில் மசகெண்ணெய் தனியே ஊற்றப்படுவதில்லை. எரிபொருளுடன் கலந்தே ஊற்றப்படுகிறது. எஞ்சினுக்கு ஏற்றபடி 50 பங்குக்கு 1 பங்கு, சில பழையவற்றில் 25 பங்குக்கு 1 பங்கு. எரிபொருள் குறைந்தால் மசகும் குறையும். கூடவே, காற்று மிகுந்து எரிவதால் சூடும் ஏறும். பிஸ்டன் உருளையோடு உரசிப் பிடித்துக்கொள்ளும். காற்றுத் திருகில் தொடங்கிய ஒரு சிறு மறதி, எஞ்சினையே விலையாகக் கேட்கலாம். தள்ளாடும் எஞ்சினை முறுக்கி விரட்டாமல் நிறுத்திப் பார்ப்பதே அறிவுடைமை.

எச்சரிக்கை

மாணவர்களே, நீங்கள் எஞ்சினைத் தனியே தொட வேண்டாம். தெரிந்த பெரியவர் அருகில் இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வள்ளத்தின் அடித்தட்டில் தேங்கி நிற்கும். பீடியோ, தீக்குச்சியோ, பிளக்கின் சோதனைப் பொறியோ அதற்குப் போதும். எண்ணெய் சிந்தியிருக்கும்போது பிளக்கில் பொறி வருகிறதா என்று சோதிக்கவே கூடாது. எந்த எஞ்சினும் ஒருநாள் நிற்கும். ஆகவே துடுப்பும், பாயும், குடிநீரும், உயிர்காப்பு மிதவையும் வள்ளத்தில் எப்போதும் இருக்க வேண்டும். கடலில் ஆபத்து நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். அதில் ஓர் உறிஞ்சுகுழலை இறக்கி, பாட்டிலின் வாயைச் சுற்றிக் களிமண்ணாலோ பிசைந்த மாவாலோ காற்றுப் புகாமல் அடையுங்கள். இப்போது உறிஞ்சுங்கள். முதல் வாய் வரும். பிறகு எவ்வளவு உறிஞ்சினாலும் வராது. அடைப்பில் ஒரு குச்சியால் துளையிடுங்கள். தண்ணீர் தாராளமாக வரும். கால் மணிக்கு ஒருமுறை வள்ளத்தை நிறுத்திய அந்தப் புதிர் இப்போது உங்கள் கையிலேயே இருக்கிறது.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, புறப்படத் தயாராக இருக்கும் ஒரு வள்ளத்தின் அருகே நின்று பாருங்கள். டாங்கு எங்கே, குமிழ் எங்கே, பம்பு எங்கே என்று பாதையைக் கண்ணால் தொடருங்கள். முடிந்தால் வள்ளக்காரரிடம் மெதுவாகக் கேளுங்கள்: “அண்ணே, காத்துத் திருகைத் தெறந்தாச்சா?”